மயாமி பீச்: காசு கொடுத்தும் ஊரைப் பார்க்காமல் திரும்பும் தவறுகள்

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மயாமி வேறு, மயாமி பீச் வேறு. இது தெரியாமல் சுற்றுலாப் படகுக்கு டிக்கெட் போடுவதுதான் முதல் தவறு. நானே செய்தேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். மயாமி பீச் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீவு, 1915 முதல் தனி நகரம். பணக்காரர்களின் வீடுகளைக் காட்டும் படகுகளில் பல, மயாமி நகர மையத்தில் உள்ள பேசைட் துறையிலிருந்துதான் கிளம்புகின்றன. நாங்கள் தங்கியிருந்தது மயாமி பீச்சின் தெற்குப் பகுதியான சவுத் பீச்சில். உறையூரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு, பாலத்தில் டிராஃபிக்கில் மாட்டி, பார்க்கிங் தேடி அலைந்து போய்ச் சேர்ந்தால் படகு கிளம்பிவிட்டிருந்தது. கிளம்பும் இடத்தை மேப்பில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அடுத்த தவறு, அந்தப் படகுப் பயணம்தான் முழு ஊர் என்று நினைத்துக்கொள்வது. ஒன்றரை மணி நேரம் போகும். கடலிலிருந்து பார்ப்பதால் மாளிகைகளின் கொல்லைப்புறம்தான் தெரியும். "இது இந்தப் பாடகர் வீடு, அது அந்த நடிகர் வீடு" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே வருவார்கள். வீடுகள் கைமாறிக்கொண்டே இருக்கும், அதனால் எல்லாவற்றையும் அப்படியே நம்பத் தேவையில்லை. தாதா அல் கபோன் 1947-ல் உயிர்விட்ட பாம் தீவு வீட்டை 2023-ல் இடித்தே விட்டார்கள். அப்பா கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன்டா, யார் வீடுன்னு தெரிஞ்சு நமக்கு என்ன ஆகப்போகுது? இந்தத் தீவு எப்படி வந்துச்சுன்னு கேளு" என்றார். சரியான கேள்வி. ஸ்டார், பாம், ஹைபிஸ்கஸ் எல்லாமே விரிகுடாவின் அடிமண்ணை வாரிக் கொட்டி மனிதர்கள் உண்டாக்கிய தீவுகள். என் கணக்கில் மாளிகைகளைவிட அதுதான் அதிசயம். வழிகாட்டியோ அதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார்.

நேரம் குறைவு என்றால் படகை விட்டுவிட்டு, சவுத் பீச்சின் கடற்கரைச் சாலையான ஓஷன் டிரைவில் நடைச்சுற்றுலா போங்கள். பழைய கட்டடங்களைக் காப்பதற்காக 1976-ல் தொடங்கிய ஓர் அமைப்பு, பத்தாவது தெரு முனையில் உள்ள ஆர்ட் டெகோ மையத்திலிருந்து இதை நடத்துகிறது. ஆர்ட் டெகோ என்பது அந்தக் காலத்துக் கட்டடப் பாணி. மாடி பஸ்ஸில் போனால் வரிசையாகக் கலர் கட்டடங்கள், அவ்வளவுதான். நடந்தால்தான் ஜன்னலுக்கு மேலே புருவம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சிமென்ட் பலகை கண்ணில் படும். ஏசி பரவாத 1930-களில் வெயில் உள்ளே இறங்காமல் இருக்க வைத்தது. "நம்ம வீட்டு சன்ஷேடு!" என்றார் அம்மா. ஹோட்டல் முன்கூடத்தில் இருந்ததும் நம் ஊர் மொசைக் தரையேதான். பல கட்டடங்களில் முகப்பை மூன்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். கப்பலில் இருப்பதுபோல் வட்ட ஜன்னலும் கம்பிக் கைப்பிடியும் வைத்திருப்பார்கள். 1935-ல் கட்டிய காலனி ஹோட்டலின் நீல நியான் பலகையை இருட்டிய பிறகு இன்னொரு முறை போய்ப் பாருங்கள். இன்னொன்று: இந்த இளஞ்சிவப்பும் புதினாப் பச்சையும் ஆதியிலிருந்தே இருந்த நிறங்கள் அல்ல. பெரும்பாலான சுவர்கள் வெள்ளையாகத்தான் இருந்தன, 1980-களில்தான் லெனார்ட் ஹொரோவிட்ஸ் என்ற வடிவமைப்பாளர் வண்ணம் ஏற்றினார்.

இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் வெர்சாச்சி 1997-ல் சுட்டுக் கொல்லப்பட்ட மாளிகை வாசலில் எப்போதும் செல்ஃபிக் கூட்டம். அங்கே பதினைந்து நிமிடம் கரைத்தால் மீதியை ஓடிக்கொண்டே பார்க்க வேண்டும்.

வழிகாட்டியிடம் எதையும் கேட்காமல் வருவதும் தவறுதான். "இந்தக் கடற்கரையில் அந்தக் காலத்தில் யாரை விட்டார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். இந்த ஹோட்டல்களின் மேடையில் பாடிய கறுப்பினக் கலைஞர்களுக்கு அதே ஹோட்டலில் அறை கிடையாது. பாடி முடித்ததும் பாலம் தாண்டி, மயாமியில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஓவர்டவுனுக்குப் போய்த்தான் தூங்க வேண்டும். அவர்களுக்கென்று வர்ஜீனியா கீ என்ற தீவின் கடற்கரையைத் திறந்ததே 1945-ல்தான். நான் கேட்ட பிறகு எங்கள் வழிகாட்டி மனப்பாடப் பேச்சை நிறுத்திவிட்டு நடைபாதையிலேயே நின்று பேச ஆரம்பித்தார்.

"திருச்சி வெயிலைவிடவா?" என்று தொப்பி இல்லாமல் போகாதீர்கள். கடல்காற்றில் சூடு உறைக்காது, சாயங்காலம் கழுத்து எரியும்போதுதான் தெரியும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மதியத்துக்கு மேல் திடீரென்று இடியும் மழையும் வரும், அதனால் காலை நேரத்துக்கே பதிவு செய்யுங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம், பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் கல்லூரி விடுமுறைக் கூட்டம், பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போக ஏற்ற நேரம் இல்லை. தீவுக்குள் சுற்ற நகராட்சியின் இலவச டிராலி பஸ் இருக்கிறது, கார் எடுத்தால் பார்க்கிங் தலைவலி.

வழிகாட்டிக்கு டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம், 15 முதல் 20 சதவீதம் வரை கொடுப்பார்கள். சாப்பாட்டுக் கடையில் மட்டும் பில்லைப் படித்துவிட்டுக் கொடுங்கள், ஓஷன் டிரைவில் பல இடங்களில் சேவைக் கட்டணத்தை அவர்களே சேர்த்திருப்பார்கள். அதற்கு மேலும் டிப்ஸ் வைத்தால் இரண்டு முறை கொடுத்த மாதிரி. மெனுவில் விலை போடாத பானத்தை விலை கேட்காமல் சொல்லவே சொல்லாதீர்கள். அன்றைக்கு அப்பா குடித்த எலுமிச்சை ஜூஸ் எவ்வளவு என்று இன்றுவரை அவரிடம் நான் சொல்லவில்லை.