இடைக்கால ஆலயத்தைப் பராமரிப்பது எப்படி: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

இங்கிலாந்துக் கிராமங்களில் 800, 900 ஆண்டுகளாக நிற்கும் சேகர ஆலயங்களை, அதாவது ஊர்ச் சபைகளின் கிறிஸ்தவத் தேவாலயங்களைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் சம்பளமில்லாத உள்ளூர்க்காரர்கள்தான். சர்ச் வார்டனாகவோ (சபையின் ஆலயப் பொறுப்பாளர்) சேகர மன்ற உறுப்பினராகவோ அந்தப் பொறுப்பை ஏற்றவர்களுக்கான குறிப்பு இது. இந்தக் கட்டடங்களுக்கு இரண்டு பெரிய எதிரிகள். ஒன்று, அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய். இன்னொன்று, நல்லெண்ணத்தோடு பூசிய சிமெண்ட்.

கைவைக்கும் முன் கட்டடத்தைப் படியுங்கள்

தரைப்படமும் பென்சிலுமாக வெளியே ஒரு சுற்று வாருங்கள். கிழக்கே பீடப்பகுதி, நடுவே மக்கள் கூடும் கூடம், பக்கவாட்டில் பின்னால் சேர்த்த பக்கக்கூடங்கள், மேற்கே மணிக்கோபுரம் என்பதுதான் வழக்கமான அமைப்பு. அரைவட்ட வளைவும் தடித்த தூணும் நார்மன் காலத்தவை (11, 12ஆம் நூற்றாண்டு). ஹெரஃபோர்டுஷையரில் சுமார் 1140இல் எழுந்த கில்பெக் ஆலயம் நல்ல உதாரணம். ஒடுங்கி உயர்ந்த கூர்வளைவு ஜன்னல் 13ஆம் நூற்றாண்டு. ஜன்னல் தலையில் நெளிந்தோடும் கல் பின்னல் 14ஆம் நூற்றாண்டின் முற்பாதி. நேர்க்கம்பிகளாக மேலேறும் அகலமான ஜன்னல் அதற்குப் பிந்தியது. சஃபோக்கின் லாவெனத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

ஜன்னலை மட்டும் வைத்துச் சுவரின் வயதைச் சொல்லிவிடாதீர்கள். பழைய சுவரை வெட்டிப் புது ஜன்னல் வைப்பது அன்றும் வழக்கம், 19ஆம் நூற்றாண்டின் விக்டோரியா காலத்திலும் வழக்கம். மேலிருந்து கீழ்வரை நேராக ஓடும் சந்து (கற்கள் இணையும் இடைவெளி) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கட்டுமானம் ஒரு கட்டத்தில் நின்று இன்னொரு கட்டத்தில் தொடர்ந்த இடம் அது. கோபுரத்தின் கிழக்கு முகத்தில், இன்றைய கூரைக்கு மேலே, தலைகீழ் 'வி' வடிவத்தில் ஒரு கோடு தெரிந்தால் அது பழைய செங்குத்துக் கூரையின் தடம். இவற்றையெல்லாம் படத்தில் குறித்துப் புகைப்படமும் எடுத்து வையுங்கள். அடுத்த பூச்சுவேலையில் முதலில் மறைவது இவைதான்.

மழையில் ஒரு சுற்று

வெயிலில் பார்த்தால் எல்லா ஆலயமும் நன்றாகத்தான் இருக்கும். அடைமழையில் குடையோடு போனால்தான் எங்கே நிரம்பி வழிகிறது, எந்தக் குழாய்க்குப் பின்னால் சுவர் கறுத்திருக்கிறது, அடியில் எங்கே தேங்குகிறது என்பது தெரியும். பச்சைப் பாசி படிந்த சுவர் பல மாதக் கசிவுக்குச் சாட்சி.

கூரை ஓர வாய்க்கால்களை ஆண்டுக்கு இரண்டு முறை சுத்தம் செய்யுங்கள்: இலையுதிர்வு முடிந்த நவம்பர் கடைசியில் ஒன்று, வசந்தத்தில் ஒன்று. கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஈய வாய்க்கால்களை மறக்க வேண்டாம். அங்கே அடைத்தால் தண்ணீர் வெளியே வழியாமல் உத்தரத்தின் முனைக்குள் இறங்கும். குழாய்த் தலையில் ஜாக்டா காக்கைகள் சுள்ளி நிரப்புவது ஓயாத தொல்லை. ஏணியில் தனியாக ஏறாதீர்கள். உயரமான கோபுரக் கூரையை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடலாம்.

வார்ப்பிரும்புக் குழாயின் முன்பக்கம் பளபளவென்று பெயிண்ட் அடித்திருக்கும். பிரஷ் போகாத பின்பக்கம் துருப்பிடித்து நெடுக விரிசல் விட்டு, பல ஆண்டுகளாகச் சுவரை நனைத்துக்கொண்டிருக்கும். ஒரு சிறு கண்ணாடியைக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. குழாயை மாற்றும்போது, பின்னால் பிரஷ் போகிற அளவுக்கு இடைவெளி விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள்.

நூற்றாண்டுக் கணக்கில் கல்லறை வெட்டியதில் வெளித்தரை உயர்ந்து, சுவரடி ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்காகச் சுவரோரம் கால்வாய் வெட்டிச் சரளை நிரப்பலாம் என்று தோன்றும். அனுமதியும் தொல்லியலாளரும் இல்லாமல் வெட்ட வேண்டாம். அந்த மண்ணில் எலும்புகள் இருக்கும். சுவருக்கு அடித்தளம் என்று பெரிதாக எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

சந்துப்பூச்சு: சுண்ணாம்பு மட்டும்

சுவருக்குள் போன ஈரம் வெளியே வருவதற்கான வழி சுண்ணாம்புச் சந்து. அதைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் கல் வழியாக வெளியேறத் தொடங்கும். உப்பு கல்லின் மேற்பரப்புக்கு அடியில் படிகமாகும், உறைபனி அதைப் பிளக்கும், கல் முகம் செதில் செதிலாக உதிரும். கடைசியில் கல் உள்வாங்கி, சிமெண்ட் வரிகள் மட்டும் தேன்கூட்டுச் சுவர்போல் துருத்தி நிற்கும்.

எது இருக்கிறது என்று தெரிய, பேனாக்கத்தியால் கீறுங்கள். சுண்ணாம்புக் காரை பொடியாக உதிரும், வெள்ளைக் கட்டிகள் தெரியும். சிமெண்ட் சாம்பல் நிறத்தில் கெட்டியாக எதிர்க்கும். சிமெண்டைப் பெயர்க்கும்போது கல்லின் விளிம்பும் சேர்ந்து வந்தால் நிறுத்திவிடுங்கள்; அது தானாகத் தளரும்வரை விடுவதே குறைந்த சேதம்.

சந்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு, 25 மி.மீ.க்குக் குறையாமல், கை உளியால் சுரண்டுங்கள். ஆங்கிள் கிரைண்டரை (சுழல் தட்டால் வெட்டும் மின்கருவி) பக்கத்திலேயே விடாதீர்கள். அதன் வெட்டுத்தடம் கல்லில் நிரந்தரம். தூசியைக் கழுவி, சந்தை நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள்.

கலவை வழக்கமாக 1 பங்கு சுண்ணாம்பு விழுது, 3 பங்கு கூரான, பல அளவு மணிகள் கலந்த மணல். மண்வெட்டிக் கணக்கு வேண்டாம். வாளியில் அளந்து போடுங்கள். விகிதத்தைச் சரிபார்க்க, ஒரு பாத்திரம் நிறைய உலர்ந்த மணலை எடுத்து, மேல்மட்டம் தொடும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறதோ அவ்வளவு சுண்ணாம்பு அந்த மணலுக்கு வேண்டும். காற்றும் மழையும் அறையும் இடங்களுக்கு தண்ணீரோடு சேர்ந்து இறுகும் என்.எச்.எல். 2 அல்லது 3.5 வகைச் சுண்ணாம்பைக் கட்டடக்கலைஞர் சொல்லக்கூடும். மென்மையான கல்லுக்கு அதைவிடக் கடினமான வகை வேண்டாம்.

உள்ளிருந்து அடுக்கடுக்காக அழுத்தி நிரப்புங்கள். தேய்ந்த கல் விளிம்பின் மேல் காரையை வழித்து விடாமல் சற்று உள்ளேயே நிறுத்துங்கள். கட்டைவிரல் பதியாத அளவு இறுகியதும் முரட்டுப் பிரஷ்ஷால் குத்தித் தட்டினால் மணல்மணி வெளியே தெரியும், சுருக்க விரிசலும் மூடும். பிறகு குறைந்தது ஒரு வாரம் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். வேகமாகக் காய்ந்தால் பொடியாகும். உறைபனி பட்டால் உப்பிப் பெயர்ந்துவிடும். 5 டிகிரிக்குக் கீழே வேலை வேண்டாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் பாதுகாப்பான காலம்.

கூரையும் மரமும்

ஈயத்தகடு வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும். தகடு பெரிதாக இருந்தாலோ, பல இடங்களில் ஆணியடித்து இறுக்கினாலோ நகர வழியில்லாமல் பிளக்கும். தார்ப்பட்டை ஒட்டுவது பிளவை மறைக்குமே தவிர, காரணம் அப்படியே இருக்கும். பழைய தகடுகளில் வேலைக்காரர்கள் தங்கள் காலணியைச் சுற்றிக் கீறி வருடத்தையும் பொறித்திருப்பார்கள். உருக்க அனுப்பும் முன் அவற்றைப் பதிவு செய்யுங்கள். ஈயம் திருடு போனால் அன்றே தார்ப்பாய் போட்டு, போலீசுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்லுங்கள். பதிலுக்கு ஸ்டீல் தகடு போடுவதற்கும் அனுமதி வேண்டும்.

ஓக் உத்தரத்தில் சுமார் 3 மி.மீ. துளைகள் தெரிந்தால் மரத்தைத் துளைக்கும் டெத்வாட்ச் வண்டாக இருக்கலாம். உடனே மருந்து தெளிக்க ஆள் கூப்பிடாதீர்கள். பழைய துளையாகவும் இருக்கும். மெல்லிய தாளைப் பசையால் துளைகளின் மேல் ஒட்டி, வசந்தம் முடிந்ததும் பாருங்கள். தாள் கிழிந்திருந்தால்தான் வண்டு உயிரோடிருக்கிறது. ஈரமான மரத்தில்தான் அது செழிக்கும், ஆகவே கசிவை நிறுத்துவதே முக்கிய மருந்து. மேலே தெளிக்கும் ரசாயனம் ஆழத்தில் இருக்கும் புழுவை எட்டாது. வண்டைத் தின்னும் சிலந்திகள்தான் சாகும்.

வௌவால் இருந்தால் வேலைக்கு முன் நிபுணர் ஆலோசனை கட்டாயம். 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் அவற்றின் தங்குமிடத்தையும் காக்கிறது.

உட்சுவரின் வெள்ளையடிப்பைச் சுரண்ட வேண்டாம், அடியில் இடைக்கால ஓவியம் இருக்கலாம். யார்க்‌ஷயரின் பிக்கரிங் ஆலய ஓவியங்கள் அப்படித்தான் 1852இல் வெளிப்பட்டன. அன்றைய குருவுக்குப் பிடிக்காமல் மறுபடி வெள்ளையடித்து மூடினார்கள், பிறகு மீட்டார்கள்.

அனுமதி

சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஆலயங்களுக்குப் பட்டியலிட்ட (சட்டப்படி பாதுகாக்கப்பட்ட) கட்டடத்துக்கான அரசு ஒப்புதல் பொதுவாகத் தேவையில்லை. அதற்குப் பதிலாக மறைமாவட்ட நீதிமன்றம் தரும் 'ஃபேகல்டி' ஆணை வேண்டும். சிறு பராமரிப்பு அனுமதி விதிகளின் 'ஏ' பட்டியலில் வரும், ஆணை வேண்டாம். 'பி' பட்டியல் வேலைக்கு ஆர்ச்டீக்கனின் (பிஷப்புக்கு அடுத்த நிலை மூத்த குரு) எழுத்து ஒப்புதல் போதும். மற்றதற்கெல்லாம் முழு விண்ணப்பம். வெளித்தோற்றம் மாறினால் உள்ளூராட்சியின் திட்ட அனுமதி தனி. ஆணையின்றிச் செய்த வேலையைப் பழையபடி மாற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்; அந்தச் செலவு, வேலையைச் செய்தவர் தலையில்.

1955 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டடக்கலைஞரின் ஆய்வு சட்டப்படி கட்டாயம். அறிக்கையில் அவசர வரிசையில் வேலைகள் இருக்கும். பணம் குறைவென்றால் அந்த வரிசையில் மேலிருந்து செய்யுங்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் வார்டன்களே ஆண்டு ஆய்வு செய்து, எந்தச் சுவரில் எந்தக் கலவை, எந்தத் தேதி, யார் வேலை என்று பதிவேட்டில் எழுத வேண்டும். மணல் வாங்கிய குவாரியின் பெயரையும் எழுதிவையுங்கள். அடுத்த முறை நிறம் பொருந்துவதற்கு அது உதவும்.