'டெட் கேட் பவுன்ஸ்' என்று எப்போது எழுதலாம்?

வணிகப் பக்கத்துக்குச் செய்தி திருத்துவது என் வேலை. பங்குச் சந்தை நாலு நாள் விழுந்து ஐந்தாம் நாள் கொஞ்சம் ஏறினால் போதும், 'இது டெட் கேட் பவுன்ஸ்தான்' என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த தொடர் அது. அதனாலேயே கண்ட இடத்தில் போட விடுவதில்லை.

போதுமான உயரத்திலிருந்து விழுந்தால் செத்த பூனைகூட ஒரு தடவை எழும்பும். அதற்காக உயிர் வந்துவிட்டதாகாது. அவ்வளவுதான் பொருள். 1985 டிசம்பரில் லண்டன் ஃபைனான்ஷியல் டைம்ஸ் இதழில் இது அச்சேறியது, அதுவும் சிங்கப்பூர், மலேசியச் சந்தைகளைப் பற்றிய செய்தியில். சிங்கப்பூரின் பான்-எலக்ட்ரிக் நிறுவனம் கடனில் மூழ்கியதால் அங்கே பங்கு வர்த்தகத்தையே மூன்று நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள். பெரும் சரிவுக்குப் பின் வந்த ஏற்றத்தை நம்ப வேண்டாம் என்று சொன்ன தரகர்கள் தந்த பெயர் இது.

சரி, எப்படிச் சோதிப்பது? விலை வரைபடத்தை அச்செடுத்து, கடைசியாகத் தொட்ட அடிமட்டத்தில் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். ஏறிய விலை திரும்ப இறங்கி அந்தக் கோட்டையும் உடைத்தால்தான் இந்தப் பெயர் பொருந்தும்.

ஏற்றம் பெரிதாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். 1929 செப்டம்பரில் 381 புள்ளியில் இருந்த டவ் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பங்குக் குறியீடு, நவம்பர் 13 அன்று 199க்கு வந்தது. 1930 ஏப்ரலில் 294. ஐந்தே மாதத்தில் கிட்டத்தட்ட 48% ஏற்றம்! கெட்ட காலம் முடிந்தது என்று நம்பிப் பணம் போட்டவர்கள் எத்தனை பேரோ. 1932 ஜூலை 8 அன்று குறியீடு 41இல் கிடந்தது. 2020இல் நடந்தது நேர்மாறு. மார்ச் 23க்குப் பிறகு அமெரிக்கச் சந்தை ஏறியபோது பலர் அதையும் செத்த பூனை என்றார்கள். ஆனால் அங்குள்ள இன்னொரு குறியீடான எஸ் அண்ட் பி 500 ஆகஸ்டிலேயே புதிய உச்சம் தொட்டது.

அப்புறம், ஏற்றத்துக்குக் காரணம் கேளுங்கள். நிறுவனங்களின் லாபமும் கடனும் அப்படியே இருக்க, வெறும் ஷார்ட் கவரிங்கால் (விலை இறங்கும் என்று நம்பி, கடன் வாங்கிய பங்கை விற்றவர்கள் அதைத் திருப்பித் தருவதற்காக வாங்குவது) விலை ஏறியிருந்தால் சந்தேகப்படலாம். சந்தேகம் மட்டும்தான்.

அன்றைக்கே எழுதியாக வேண்டுமென்றால், சொன்னவர் பெயரோடு அவர் கருத்தாகப் போடுங்கள். எந்தப் புள்ளிக்குக் கீழே போனால் அவர் சொன்னது சரி என்று கேட்டு, அந்த எண்ணையும் அடுத்த வரியில் சேர்த்துவிடுங்கள்.