இன்ஜின் மாற்றிய டீசல் வண்டிக்கு வேறு இசிஎம் போடுவது எப்படி?

பாலக்கோடு, ராயக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பக்கம் தக்காளியும் மாங்காயும் ஏற்றும் பிக்கப்புகளில் இன்ஜின் போனால், செகண்ட்ஹேண்ட் இன்ஜின் வாங்கி இறக்கிவிடுவது வழக்கம். இறக்குவது பட்டறைக்காரருக்குக் கைவந்த வேலை. செல்ஃப் சுற்றியும் வண்டி பிடிக்காமல் நிற்கும்போதுதான் இசிஎம், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி, ஞாபகம் வரும். என் சித்தப்பா வண்டியில் வயரிங் எரிந்து இன்ஜினோடு இசிஎம்மும் போனது. அந்த வேலையை முடித்த கையோடு எழுதுகிறேன்.

இது பாஷ் எடிசி16 வகை இசிஎம் உள்ள காமன்ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும்) வண்டிகளுக்கு மட்டும். எடிசி17-இல் படிக்கும் முறையே வேறு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் இதை முயல வேண்டாம்.

பழைய இசிஎம் நன்றாக இருந்து, வந்த இன்ஜினும் அதே மாடல் என்றால் இசிஎம்மை மாற்றவே வேண்டாம். இன்ஜெக்டர் (டீசலைத் தெளிக்கும் பாகம்) கோடை மட்டும் மாற்றினால் போதும். நேராகக் கீழே உள்ள அந்தப் பகுதிக்குப் போங்கள்.

இசிஎம் செத்திருந்தாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் எரிவது இன்ஜெக்டரை ஓட்டும் பவர் பகுதிதான். சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் தரவு உள்ள எட்டுக் கால் ஈஈப்ராம் என்ற நினைவகச் சில்லு பிழைத்திருக்கும். அந்தத் தரவைப் புதிய பெட்டிக்கு மாற்றுவதுதான் முழு வேலையும்.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். பாஷ் டீசல் இசிஎம் எண் 0281 என்று தொடங்கும். பத்து இலக்கமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். "பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு" என்று கடைக்காரர் சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள். சாஃப்ட்வேர் எண்ணும் ஒன்றாக இருந்தால் ஈஈப்ராமை மாற்றினால் போதும். அது வேறாக இருந்தால் ஃபிளாஷையும் (சாஃப்ட்வேர் இருக்கும் நினைவகம்) பிடிஎம் என்ற பலகை இணைப்பு வழியாகப் படித்து எழுத வேண்டும்.

லேப்டாப்புக்கு முன்னால் ஒரு நல்ல பெஞ்ச் பவர் சப்ளை வாங்குங்கள். ஃபிளாஷ் எழுதும்போது 13.5 வோல்ட் அசையாமல் நிற்க வேண்டும். பாதியில் கரண்ட் போனால் பெட்டியும் போய்விடும். பேட்டரி சார்ஜரை நேராகக் கொடுப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. சில்லைப் படித்து எழுதும் புரோகிராமர் கருவிகளில் யூபிஏ என் தேர்வு. கறுப்புப் பலகை சிஹெச்341ஏ மலிவுதான், ஆனால் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் விடும், 3.3 வோல்ட் சில்லுக்கு அது ஆகாது.

மூடியை ஹாட்ஏரால் சூடாக்கி, சீலன்டைப் பிளேடால் அறுத்துத் திறங்கள். 95160 அல்லது 95320 என்று எழுதிய எட்டுக் கால் சில்லைத் தேடுங்கள். அதன் மூலையில் உள்ள புள்ளிதான் முதல் கால்.

பலரும் மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்த படியில். புரோகிராமரின் கிளிப்பைச் சில்லின் கால்களில் மாட்டிப் படித்தால் ஏதோ ஒரு கோப்பு வந்துவிடும், மென்பொருளும் வெற்றி என்று காட்டிவிடும். அதை நம்பாதீர்கள். மூன்று முறை படித்து மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒரு பைட் வேறுபட்டாலும் அந்தக் கோப்பு உதவாது. எல்லா பைட்டும் எஃப்எஃப் (வெற்றுத் தரவு) என்று வந்தால் கிளிப் தொடவே இல்லை என்று அர்த்தம். கால்களின் மேல் கண்ணாடி போல ஒரு லாக்கர் பூச்சு இருக்கும். மரக்குச்சியும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வைத்து, ஈயம் பளபளப்பாகத் தெரியும்வரை ஒவ்வொரு காலையும் சுரண்டுங்கள். அதன் பிறகும் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் காரணம் இதுதான்: கிளிப் வழியாகப் போகும் கரண்ட் பலகை முழுக்கப் பரவுகிறது, பிராசஸர் விழித்துக்கொண்டு அதே கம்பிகளில் பேசத் தொடங்குகிறது. அப்போது மல்லுக்கட்டாமல் ஹாட்ஏரால் சில்லைக் கழற்றித் தனியாகப் படித்துவிடுங்கள். எனக்கு ஒத்துவந்த வழி இதுதான்.

புதிய பெட்டியின் தரவையும் இதேபோல் படித்துத் தனிப் பெயரில் சேமியுங்கள். இரண்டு கோப்புகளும் வேறொரு பென்டிரைவில் ஏறிய பிறகுதான் பழைய தரவைப் புதிய பெட்டியின் சில்லில் எழுத வேண்டும். எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுவிட்டு மூடியை ஒட்டுங்கள். சீலன்டில் இடைவெளி விட்டால் முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கும்.

சாவியைப் போட்டதும் இம்மொபிலைசர் விளக்கு எரிந்து அணைந்தால் நல்லது. மின்னிக்கொண்டே இருந்தால் தரவு சரியாக ஏறவில்லை.

அடுத்தது இன்ஜெக்டர் கோடு. பாஷ் இன்ஜெக்டரின் தலையில் எழுத்தும் எண்ணுமாக 7 இடக் குறியீடு இருக்கும். இது அந்தந்த இன்ஜெக்டர் எவ்வளவு டீசல் விடும் என்ற திருத்தம். பழைய ஈஈப்ராமோடு பழைய இன்ஜெக்டர்களின் கோடும் சேர்ந்தே வந்துவிடும். அதனால் புதிய இன்ஜினில் உள்ளவற்றை ஸ்கேனர் மூலம் சிலிண்டர் வரிசைப்படி எழுதுங்கள். இன்ஜினை இறக்கும் முன்பே துடைத்து போட்டோ எடுத்துவிட்டால் பிறகு குனிந்து தேட வேண்டியதில்லை.

அப்புறம் லோடு ஏற்றி ஓட்டிப் பாருங்கள். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றம் இதற்கு நல்ல இடம். பக்கத்தில் ஒருவர் ஸ்கேனரில் ரெயில் பிரஷரைப் பார்க்கட்டும்: இசிஎம் கேட்கும் அளவும் உண்மையில் வரும் அளவும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும்.

இன்ஜின் எண் மாறியதால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதற்குத்தான். இன்ஜின் வாங்கிய பில்லோடு உங்கள் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போங்கள். டிஎன் 29 என்றால் தர்மபுரி, டிஎன் 24 என்றால் கிருஷ்ணகிரி. இன்ஷூரன்ஸுக்கும் தெரிவித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: ஓசூரிலிருந்து ஒரு அண்ணன் கேட்டார். மஹிந்திரா வெரிட்டோ காரில் இன்ஜெக்டர் கோடு எழுதிய பிறகும் டகடகவென்று தட்டுகிறதாம். அதில் உள்ள ரெனால்ட் கே9கே இன்ஜினில் முதல் சிலிண்டர் பிளைவீல் பக்கம். பெல்ட் பக்கத்திலிருந்து எண்ணினால் நான்கும் தலைகீழாகிவிடும். டெல்பி இன்ஜெக்டர் என்றால் கோடு 16 இடம் கொண்டது. வரிசையைத் திருப்பி எழுதிப் பார்க்கச் சொன்னேன், சத்தம் நின்றுவிட்டது.