மற்றபடி வழக்கமானவை

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காகப் போன தை மாதம் எங்கள் பக்கத்துக் குளத்துக்கு ஆறேழு கல்லூரிப் பையன்கள் வந்திருந்தார்கள். நல்ல பையன்கள். விடியும் முன்னே வந்து, பனியில் கையைத் தேய்த்துக்கொண்டு கரையில் நின்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒருவனுடைய போனை வாங்கிப் பட்டியலைப் பார்த்தேன். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி, கரண்டிவாயன், தூரத்தில் போன விராலடிப்பான்கூட இருந்தது. காகம் இல்லை. தலைக்கு மேலே இருபது காகம் கத்திக்கொண்டிருந்தன.

"காக்காவ எதுக்கு அண்ணாச்சி எழுதணும்? அது எங்கயும்தான இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அவன்மேல் கோபமில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் இதே கரையில் இதே பேச்சை நானும் பேசியிருக்கிறேன்.

பளிச்சென்ற சட்டை போடாதே, கூட்டுக்குப் பக்கத்தில் போகாதே, ஸ்பீக்கரில் குரலைப் போட்டுப் பறவையைக் கூப்பிடாதே என்பதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். அதற்கு நான் தேவையில்லை. நேற்றுவரை கண்முன்னே திரிந்த ஒரு சாதாரண உயிர் ஏன் குறைகிறது என்று தேடக் கிளம்புகிறவர்கள், நல்ல மனதோடே செய்கிற தவறுகள் சில உண்டு. அவற்றைத்தான் சொல்ல வந்தேன். எல்லாமே நானும் செய்தவை.

சாதாரணத்தை எழுதாமல் விடுவது

எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம். ஊரிலிருந்து மெயின் ரோடு ஏழு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் பனை, இடையிடையே மானாவாரி நிலம், ரோட்டோரம் கரண்டுக் கம்பி. அந்தக் கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். சும்மா இருக்கும்போது அதில் பார்க்க ஒன்றுமில்லை. பெரிய தலை, மங்கிய தவிட்டு நிறம், தூங்குமூஞ்சி மாதிரி ஓர் இருப்பு. கீழே புல்லில் ஒரு வெட்டுக்கிளி அசைந்ததும் இறக்கையை விரித்துக்கொண்டு இறங்கும் பாருங்கள், அப்போது தெரியும் அந்த நீலம். கர்நாடகம், ஒடிசா, தெலங்கானா மூன்றும் அதைத் தங்கள் மாநிலப் பறவையாக வைத்திருக்கின்றன. எங்களுக்கு அது கம்பியில் உட்காரும் ஒரு சாமான், அவ்வளவுதான்.

2003இல் நோட்டுப் போட ஆரம்பித்தேன். வாரத்துக்கு ஒரு காலை, டிவிஎஸ் ஃபிஃப்டியில் அந்த ஏழு கிலோமீட்டர். பூனைப்பருந்து ஒன்று வந்துவிட்டால் அதற்கு ஒரு முழுப் பக்கம்: எத்தனை மணி, எந்த வயல், எந்தத் திசைக்குப் போனது, பக்கத்தில் பென்சில் படம் வேறு. கடைசி வரி மட்டும் எல்லா வாரமும் ஒன்றே. "மற்றபடி வழக்கமானவை."

அந்த இரண்டு சொல்லைப் போல விலை கூடிய இரண்டு சொல்லை என் வாழ்நாளில் எழுதியதில்லை.

2015 வாக்கில் ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டுக் கம்பியைப் பார்த்தேன். கரிச்சான் இருந்தது, மணிப்புறா இருந்தது, பனங்காடை இல்லை. இன்றைக்குத்தான் இல்லையா, இந்த வருடமாக இல்லையா, ஐந்து வருடமாகவே இல்லாமல் இருந்து நான்தான் கவனிக்கவில்லையா? அந்தச் சமயத்தில் வெளியூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வீட்டுக்கு வந்தார். "முன்னாடி இந்த ரோட்டுல பனங்காடை எத்தனை இருந்துச்சு சார்?" என்று கேட்டார். நான் பெருமையாக ஒன்பது நோட்டையும் எடுத்து முன்னால் வைத்தேன். ஒரு மணி நேரம் புரட்டினார். மூடிவைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

"நிறைய இருந்துச்சும்மா" என்று வாய்வார்த்தையாகச் சொன்னேன். நிறைய என்றால் ஐந்தா, ஐம்பதா? எண்ணாமல் விட்டது போனது போனதுதான். இன்றைக்கு எவ்வளவு நல்ல பைனாகுலர் வாங்கினாலும் 2006ஆம் வருடத்துக் காலை ஒன்றை அது காட்டாது.

இந்தத் தவறு இப்போது நோட்டிலிருந்து போனுக்கு இடம் மாறியிருக்கிறது. பார்த்த பறவைகளைப் பதிகிற இ-பேர்ட் செயலியில் பட்டியலை முடிக்கும்போது ஒரு கேள்வி வரும்: உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா என்று. காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு அதற்கு "ஆம்" போட்டுவிட்டுப் போகிறார்கள். இது நான் செய்ததைவிட மோசம். என் நோட்டு ஊமை, அவ்வளவே. இது பொய்ச் சாட்சி. ஏனென்றால் நாடு தழுவிய கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் போடப்படுகிறது: முழுமையானது என்று சொல்லப்பட்ட பட்டியல்களில் எத்தனை விழுக்காட்டில் ஒரு பறவை இருக்கிறது என்று பார்ப்பார்கள். உதாரணத்துக்கு, நூற்றில் நாற்பது பட்டியலில் இருந்தது பிறகு இருபத்தைந்தில்தான் இருக்கிறது என்றால் குறைந்திருக்கிறது என்று பொருள். நீங்கள் சோம்பலில் விட்ட தவிட்டுக்குருவி, அங்கே இல்லாமல் போன தவிட்டுக்குருவியாகப் பதிவாகும். முழுதாக எழுதவில்லையா, "இல்லை" என்று போடுங்கள். ஒன்றும் குடிமுழுகிவிடாது.

எண் போடாமல் எக்ஸ் குறி போடுவதும் இந்த ஜாதிதான். இருந்தது என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. முப்பது காகம் மூன்றானாலும் எக்ஸ் எக்ஸாகவே இருக்கும். பறந்துகொண்டே இருப்பதை எப்படி எண்ண என்று கேட்பார்கள். உத்தேசமாக எண்ணுங்கள். பத்தை எண்ணி, அதுபோல எத்தனை பத்து என்று கண்ணால் அளந்தால் போதும். சந்தையில் தேங்காய் எண்ணுகிறவர் ஒவ்வொன்றாகவா எண்ணுகிறார்?

2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசியது. சுமார் 30,000 பேர் கொடுத்த மூன்று கோடிப் பதிவுகள் அதற்கு அடிப்படை. 30 விழுக்காடோ அதற்கு மேலோ சரிந்ததால் அழியும் ஆபத்தை மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் மறுபடி மதிப்பிட வேண்டும் என்று அது சொன்ன 14 இனங்களில் பனங்காடையும் ஒன்று. யாரோ எங்கோ கம்பியில் இருந்ததை அலுப்புப் பார்க்காமல் "பனங்காடை 4" என்று எழுதியதால் வந்த கணக்கு அது. என் ரோடு அதில் இல்லை.

பாறு கழுகை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வண்டியில் போய்ச் சாலை நெடுக வேட்டைப் பறவைகளை எண்ணினார்கள். அப்போது வடக்கே செத்த மாடு கிடக்கிற இடமெல்லாம் பாறு கூட்டம்தான். காகம் மாதிரி சாதாரணம். அவற்றையும் எண்ணிவைத்தார்கள். 2000இலும் அதற்குப் பிறகும் அதே சாலைகளில் மறுபடி போனபோதுதான் விஷயம் எண்ணாக வெளிப்பட்டது. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு போய்விட்டது. முதல் தடவை போனவர்கள் "மற்றபடி வழக்கமானவை" என்று எழுதியிருந்தால் இதை நிரூபிக்க ஆள் இல்லை.

காரணத்தை முதலில் முடிவு செய்துவிட்டுத் தேடுவது

சிட்டுக்குருவி என்றதும் "செல்போன் டவர்தான் காரணம்" என்று சொல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. கூட்டங்களில் மைக் பிடித்து நானும் சொன்னதுண்டு. நல்ல கைதட்டல் கிடைக்கும்.

பிறகு ஒருமுறை ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். பிரிட்டனில் சிட்டுக்குருவிச் சரிவு 1970களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. அங்கே செல்பேசிச் சேவை வந்தது 1985இல். காரணம் பிந்தி வந்து விளைவு முந்தி வருமா? 2000இல் ஓர் ஆங்கில நாளிதழ், குருவி ஏன் குறைந்தது என்று அறிவியல்படி விளக்குபவருக்கு 5,000 பவுன் பரிசு என்று அறிவிக்கிற அளவுக்கு அது அங்கே புதிர். பின்னாளில் லெஸ்டர் நகரத்தில் நடந்த ஆய்வு கூட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தது. பூச்சி போதாமல் குஞ்சுகள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தன. அதற்காக சென்னையிலும் அதேதான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் டவருக்குப் பதில் பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே தவறைச் செய்கிறேன் என்றாகும்.

பாறு விஷயத்தில் விவரம் தெரிந்தவர்களே முதலில் தடம் மாறினார்கள். ராஜஸ்தானின் பரத்பூரில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் சரிவைக் கண்டு எச்சரித்தபோது, வைரஸ் நோயாக இருக்குமோ என்ற சந்தேகம்தான் பலமாக இருந்தது. பூச்சிமருந்து, இரைப் பஞ்சம் என்றும் ஆளாளுக்குச் சொன்னார்கள். பாகிஸ்தானில் ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது. அப்படிப் படிந்திருந்த பறவைகளின் சிறுநீரகத்தில் டைக்ளோபினாக் இருந்தது, படியாதவற்றில் இல்லை. மாட்டுக்கு வலிக்குப் போடுகிற ஊசி. அந்த மாடு செத்தால் தின்பது பாறு. 2004இல் முடிவு வெளியானது, 2006இல் இந்தியா கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. மாட்டுக்குப் போட, பாறுக்குக் கேடில்லாத மாற்று மருந்தாக மெலாக்சிகாம் இருந்தது. ஆனாலும் மனிதர்களுக்கான டைக்ளோபினாக் பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள், 2015இல் குப்பியைச் சிறிதாக்கினார்கள். 2023இல், பாறுக்கு அதேபோல் ஆபத்தான கீட்டோபுரோபெனும் அசிக்ளோபினாக்கும் கால்நடைக்குத் தடைப்பட்டன. வைரஸைத் துரத்திக்கொண்டே போயிருந்தால் நீலகிரிப் பக்கம் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று சுற்றுகிற பாறுகளும் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்.

செத்த பறவை கிடைத்தால் படம் எடுத்துப் போட்டுவிட்டுப் புதைத்துவிடுகிறார்கள். தேதியையும் இடத்தையும் குறித்து, வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ உடனே சொல்லுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம்.

ஒரே நாள் எண்ணிக்கை

உலகச் சிட்டுக்குருவி நாளான மார்ச் 20 அன்று மட்டும் குருவி எண்ணுவது. கூட்டத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், வேறு பயனில்லை.

"எங்க ஊர்ல நிறைய இருக்கே"

இருக்கும். இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2020 அறிக்கையின்படி சிட்டுக்குருவி நாடு முழுதாகப் பார்த்தால் கால் நூற்றாண்டாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் குறைகிறது. உங்கள் ஊரும் உண்மை, அவர்கள் ஊரும் உண்மை.

பெட்டி மாட்டினால் குருவி வந்துவிடும் என்று நம்புவது

ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு பெட்டி மாட்டினேன். மேற்குச் சுவர், சாயங்கால வெயில் நேரே அடிக்கும். ஓட்டை பெரிதாகப் போட்டுவிட்டேன், போதாததற்கு உட்கார ஒரு குச்சி வேறு. குருவிக்கு 32 மில்லிமீட்டர் போதும், குச்சி வேண்டவே வேண்டாம். அதைப் பிடித்து ஏறுவது அணிலும் காகமும்தான். அந்த வருடம் பன்னிரண்டு அணில் குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுத்த புண்ணியம் எனக்கு.

சரியான பெட்டியே மாட்டினாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்த ஊரில் குருவிக்குக் குறைவது வீடுதானா? பெரிய குருவி தானியம் தின்னும், குஞ்சுக்கு முதல் நாட்களில் புழு பூச்சிதான் வேண்டும். நாலு பக்கமும் சிமெண்டுத் தளம், செடிக்கெல்லாம் மருந்து என்றால் பெட்டிக்குள் முட்டை பொரித்து என்ன? முதலில் குருவிகள் எங்கே கூடு கட்டப் பார்க்கின்றன, குஞ்சு வெளியே வருகிறதா என்று ஒரு பருவம் பாருங்கள். பிறகு தச்சரிடம் போகலாம்.

மொட்டைப் பனையை வெட்டிச் சுத்தம் செய்வது

பனங்காடைக்குத் தானாகப் பொந்து குடையத் தெரியாது. கொண்டை போய், உச்சி உளுத்து நிற்கும் பனை போன்றவற்றின் பொந்தில் அது முட்டையிடும். கிளியும் மைனாவும் ஆந்தையும் அதே பொந்துக்குப் போட்டி. எங்கள் பக்கம் உயிருள்ள பனையே செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் போனது. 2021இல் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது நல்லதுதான். ஆனால் மொட்டையை யார் மரமாக மதிக்கிறார்கள்? மரம் நடு விழாவுக்கு இடம் வேண்டுமென்று ஒரு குளத்தங்கரையில் நாலு மொட்டைப் பனையைச் சாய்த்தார்கள். அன்றைக்கு மண்வெட்டி பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

பனங்காடை குறைவதற்குப் பொந்துதான் காரணம் என்று முன்பு நம்பினேன். இப்போது அப்படி அடித்துச் சொல்வதில்லை. வெட்டுக்கிளி குறைந்திருக்கலாம், மானாவாரி நிலம் கருவேலங்காடாக மாறியிருக்கலாம், மூன்றும் சேர்ந்திருக்கலாம். பிரித்துப் பார்க்க ஒரே வழி, பொந்து இருக்கிற இடத்தையும் இல்லாத இடத்தையும் சேர்த்து வருடக்கணக்காக எண்ணுவது. இப்போது அந்த ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் எண்ணுகிறேன். அதே இடம், அதே காலை நேரம். காகம், மைனா, கரிச்சான், மணிப்புறா எல்லாவற்றுக்கும் எண் உண்டு. பனங்காடை இல்லாத இடத்தில் சுழியம் போடுகிறேன்.

நாலாவது நிறுத்தத்தில் ஒரு மொட்டைப் பனை நிற்கிறது. நிலத்துக்காரரிடம் பேசி, தானாக விழும்வரை விடச் சொல்லியிருக்கிறேன். "எதுக்குய்யா அது?" என்று சிரித்தார், ஆனாலும் விட்டுவைத்தார். போன சித்திரையில் அதில் குடியேறியது மைனா. எழுதியிருக்கிறேன்: மைனா 2.