சிறு உணவுத் தொழில்களுக்குக் கைகொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்கு உணவுத் தொழில் அமைத்துத் தருவதென்று முடிவானதும், பல ஊர்களில் முதலில் நடப்பது ஊறுகாய், அப்பளம், மசாலாப் பொடி ஆகியவற்றில் சில நாள் பயிற்சிதான். பயிற்சியாளருக்குத் தெரிந்தது எதுவோ அதுவே குழுவின் தொழிலாகிவிடுகிறது. இதன் விளைவாக ஒரே ஒன்றியத்தில் பல குழுக்கள் ஒரே பொருளைச் செய்து, கண்காட்சி நடக்கும் நாட்களில் மட்டும் விற்றுவிட்டு, மற்ற நாட்களில் உறவினர் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பும் நிலை உண்டாகிறது. யார் வாங்குவார், வாரத்துக்கு எத்தனை முறை வாங்குவார், இப்போது அதே பொருளை யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறார் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் அடுப்பு மூட்டுவதே எல்லாத் தவறுகளிலும் பெரியது.

தொழில் எங்கே முடங்கிக் கிடக்கிறது என்பதை ஊராரோடு உட்கார்ந்து கண்டறிந்தால் உதவியின் திசையே மாறிவிடும். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் சாமையும் தினையும் தலைமுறைகளாக விளைந்தவை. ஆனால் மரவள்ளிக்கு ஜவ்வரிசி ஆலைகளின் சந்தை இருந்ததாலும், சாமையின் உமியை நீக்கப் பெண்கள் உரலில் இடித்து மாள வேண்டியிருந்ததாலும் சிறுதானியப் பரப்பு சுருங்கியது. அங்கே பணியாற்றிய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் இயந்திரங்களைக் கிராமங்களிலேயே நிறுவி, அவற்றை நடத்தும் பொறுப்பைச் சுய உதவிக் குழுக்களிடம் கொடுத்தது. மாவும் ரவையும் பையிலிட்டு விற்பது அதற்கு மேல் வளர்ந்த வேலை. பெண்களின் கைவலியைத் தொழிலின் முதல் சிக்கலாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதே அந்த முயற்சியில் நான் மிகவும் மதிக்கும் அம்சம்.

இயந்திரத்தை வாங்கிவிட்டுப் பொருளின் இயல்பைப் பிறகு படிப்பது அடுத்த தவறு. கம்பில் கொழுப்பு மிகுதி. அரைத்தவுடன் அதிலுள்ள நொதிகள் அக்கொழுப்பைச் சிதைக்கத் தொடங்குவதால் மாவு சில நாட்களிலேயே கசந்து நாற்றமடிக்கும். இதை அறியாத குழு ஒன்று மாதக்கணக்கில் கெடாதென்று அச்சிட்ட உறையில் மாவை அடைத்துக் கடைக்கு அனுப்பினால், திரும்பி வரும் பைகளோடு கடைக்காரரின் நம்பிக்கையும் போய்விடும். அரைப்பதற்கு முன் தானியத்தைப் பதமாகச் சூடேற்றுவதும், சிறிது சிறிதாக அரைத்து வாரந்தோறும் விற்பதும் பெரிய ஆலையைவிடப் பயன் தரும். பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு எண், தயாரித்த நாள், தொகுதி எண், எடை ஆகியவற்றையும் முதல் பை விற்கும் முன்பே முறைப்படுத்திவிட வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, இயந்திரத்துக்கு மானியம் தேடித் தருவோர், சரக்கு வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் வேண்டிய நடைமுறை முதலை மறந்துவிடுகிறார்கள். புளியை அறுவடைக் காலத்தில் ஆண்டுக்கும் சேர்த்து வாங்கினால்தான் விலை கட்டுப்படியாகும். கடைக்காரரோ சரக்கை எடுத்துக்கொண்டு பல வாரம் கழித்தே பணம் தருவார். இடைப்பட்ட நாட்களுக்குக் கையில் பணமில்லாத குழுவில் புது இயந்திரம் துணி போர்த்திக் கிடக்கும். 2020இல் தொடங்கிய குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில், 35 விழுக்காட்டு மானியத்தோடு, சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை நடைமுறை முதலுக்கும் சிறு கருவிகளுக்கும் வழி வைத்திருந்தார்கள். இரண்டாவது பகுதிதான் பல குழுக்களை உயிரோடு வைத்திருக்கக்கூடியது என்பது என் கருத்து.

விலை வைக்கும்போது பெண்களின் உழைப்பை விட்டுவிடுவது மனம் பொறுக்காத தவறு. ஓர் எடுத்துக்காட்டாக, ஐந்து பேர் ஐந்து மணி நேரம் உழைத்துப் பத்துக் கிலோ இட்லிப் பொடி தயாரித்தால் இருபத்தைந்து மணி நேர உழைப்பு. மணிக்கு ஐம்பது ரூபாய் என்றாலும் கிலோவுக்கு 125 ரூபாய் கூலி. பருப்பு, மிளகாய், உறை ஆகியவற்றின் செலவை மட்டும் கூட்டி அதன்மேல் வைத்த இருபது ரூபாயை லாபமென்று எழுதிக்கொண்டால், அந்தக் கூலியின் பெரும்பகுதியை அவர்களே இனாமாகக் கொடுக்கிறார்கள். வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே என்று சொல்லும் அதிகாரிகளை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்; களையெடுக்கப் போனால் அன்றே கூலி கிடைக்குமென்று அந்தப் பெண்களுக்குத் தெரியும், அதனால்தான் அவர்கள் ஒவ்வொருவராகக் குழுவைவிட்டு நின்றுகொள்கிறார்கள்.

இலவசமாகவே எல்லாவற்றையும் கொடுத்துப் பழக்குவதும் கூடாது. 1959 மார்ச் 15 அன்று பம்பாயின் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளத் தொழிலின் முதல் 80 ரூபாயும் கடன்தான். நன்கொடை வாங்குவதில்லை என்பதும், தரத்தை விட்டுக்கொடுப்பதில்லை என்பதும் அவர்களின் உறுதிகளாக இருந்தன. முதல் ஆண்டு மழையில் அப்பளம் காயாமல் வேலை நின்றபோது, அடுத்த மழைக்குள் ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கி, கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பிக் கீழே அடுப்பை வைத்து உலர்த்தினார்கள். வெளியிலிருந்து வந்த ஒருவர் அன்று உலர்த்தும் கூடம் கட்டித் தந்திருந்தால், அதைப் பழுதுபார்க்கவும் அவரையே தேட வேண்டியிருந்திருக்கும்.

கணக்கேட்டைத் திட்டப் பணியாளரே எழுதுவதும், மொத்தக் கொள்முதல் செய்பவரோடு அவரே பேசுவதும் முதலில் வசதியாகத் தோன்றும். திட்டம் முடிந்து அவர் வேறு மாவட்டத்துக்கு மாறியதும் குழுவுக்கு யார் எவ்வளவு பாக்கி என்பதே தெரியாமல் போகும். ஆகவே முதல் மாதத்திலிருந்தே வரவுசெலவைக் குழுவிலுள்ள இருவர் எழுதவேண்டும், சந்தைக்கும் கடைக்கும் அவர்களே போய் விலை பேசவேண்டும், பணியாளர் அருகில் நின்றால் போதும்.