சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் குறிப்புச் செயலி: தேர்வு முதல் சிங்க் வரை

கைப்பேசியில் எழுதிய குறிப்பு வீட்டுக் கணினியிலும் தானாகத் தெரிய வேண்டும் (இதைத்தான் சிங்க் என்கிறோம்) என்பதற்காகவே பலர் குறிப்புச் செயலிகளை நாடுகிறார்கள். சேலம் நகருக்குள் இதில் பெரிய சிரமம் இல்லை. ஏற்காட்டுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளிலோ, நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்குள்ளோ நின்றுகொண்டு எழுதுபவருக்குத்தான் ஒரு செயலியின் உண்மையான தரம் தெரிய வரும். எனவே, இணையம் விட்டு விட்டு வரும் இடத்தில் புழங்குபவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மலையில் நிற்கும் செயலி நகரத்திலும் நிற்கும்.

படி 1: எழுதப்போவது என்ன என்று பாருங்கள்

எந்தச் செயலியையும் இறக்குவதற்கு முன், கடந்த ஒரு வாரத்தில் நீங்கள் எங்கெல்லாம் எதையெல்லாம் குறித்து வைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அஸ்தம்பட்டியில் குடியிருந்துகொண்டு மலையில் சிறு தோட்டம் பார்த்துக்கொள்ளும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் அவருடைய குறிப்புகளில் அன்றைக்கு வந்த ஆட்கள், எடை போட்ட பழம், பழத்தோலை நீக்கும் பல்பரின் மோட்டாருக்கு வாங்க வேண்டிய பெல்ட்டின் எண், லீ பஜாரில் விசாரித்த மிளகு விலை, அம்மாவின் மாத்திரைச் சீட்டின் படம் என்று பலதும் இருக்கும். இவற்றுள் பெரும்பாலானவை இரண்டு வரிக் குறிப்புகளே. கூலிக் கணக்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு உரிய இடம் எக்செல் போன்ற கணக்குத் தாள். குறிப்புச் செயலியில் அதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

படி 2: இரண்டு செயலிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள்

குறுங்குறிப்புகள்தான் அதிகம் என்றால் கூகுள் கீப் போதும். அது இலவசம்; ஆண்ட்ராய்டு, ஐபோன், கணினி உலாவி மூன்றிலும் இயங்கும்; கைப்பேசியில் இணையம் இல்லாமலும் எழுத முடியும்.

நீண்ட குறிப்புகள், கையெழுத்து, ஒரே பக்கத்தில் படமும் எழுத்தும் வேண்டும் என்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒன்நோட் பொருந்தும். நோட்டுப் புத்தகம், பிரிவு, பக்கம் என்ற அதன் அமைப்பு பள்ளி நோட்டைப் போன்றதே என்பதால் வயதானவர்களுக்கும் எளிதில் பிடிபடும். அதன் இலவச இடம், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் 5 ஜிபி. வீட்டில் எல்லாமே ஆப்பிள் கருவிகள் என்றால் அதிலேயே இருக்கும் நோட்ஸ் செயலியைத் தாண்டித் தேட வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர் ஒருவர் இருந்தாலும் அது சரிப்படாது.

எவர்நோட் ஒரு காலத்தில் எல்லோரும் பரிந்துரைத்த பெயர். 2023 டிசம்பர் முதல் அதன் இலவசத் திட்டம் 50 குறிப்புகளோடும் ஒரே நோட்டுப் புத்தகத்தோடும் நின்றுவிடுகிறது என்பதால் தொடக்கநிலையாளருக்கு அதை நான் சொல்வதில்லை.

குறிப்புகள் தம் கைவசமே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஜாப்லின், ஆப்சிடியன் ஆகிய இரண்டும் உண்டு. ஜாப்லின், நிரலை யாரும் பார்க்கக்கூடிய திறந்த மூல மென்பொருள். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட் போன்ற இணையச் சேமிப்புகளின் வழியே கருவிகளை இணைக்கும். ஆப்சிடியன் குறிப்புகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே உங்கள் கருவியில் வைக்கிறது. ஆனால் அதன் சொந்த சிங்க் சேவைக்குக் கட்டணம் உண்டு. என் கருத்தில், முதன்முறையாகத் தொடங்குபவர் கீப்பையும் ஒன்நோட்டையும் சோதித்துவிட்டு, இரண்டும் போதவில்லை என்றால் மட்டுமே ஜாப்லினுக்குப் போகலாம்.

படி 3: வீட்டிலேயே மலையை உண்டாக்குங்கள்

இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. வீட்டு வைஃபையில் செயலியை நிறுவி, ஒரு படத்தோடு சேர்த்து நாலைந்து குறிப்புகளை எழுதி, அவை கணினியிலும் வந்துவிட்டனவா என்று பாருங்கள். பிறகு கைப்பேசியில் ஏரோபிளேன் மோடைப் போட்டு, வைஃபையும் அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, செயலியை முழுவதுமாக மூடி மறுபடியும் திறக்கவும். பழைய குறிப்புகள் திறக்கின்றனவா? படம் தெளிவாக வருகிறதா, வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறதா? ஒரு புதுக் குறிப்பை எழுதி, பழைய குறிப்பு ஒன்றில் ஒரு வரியைச் சேர்த்து, கைப்பேசியை ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகும் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக ஏரோபிளேன் மோடை எடுத்துவிட்டு, செயலியைத் திறந்து, கணினியில் அந்த இரண்டு மாற்றங்களும் தெரிகின்றனவா என்று சரிபாருங்கள்.

ஒன்நோட்டில் அந்தக் கருவியில் இதுவரை திறந்தே பார்க்காத பிரிவு, இணையம் இல்லாதபோது வராமல் போகலாம். ஆகவே மலையேறும் முன் தேவையான பக்கங்களை ஒருமுறை திறந்துவிடுவது நல்லது. நோஷன் என்ற இன்னொரு குறிப்புச் செயலிக்கு இணையமில்லாப் பயன்பாடு 2025இல்தான் வந்தது. அதிலும் பக்கத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

படி 4: சிங்க்கைச் சரியாக அமைத்தல்

எல்லாக் கருவிகளிலும் ஒரே மின்னஞ்சல் கணக்கில் நுழைந்திருக்கிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். புதுக் கைப்பேசி வாங்கும்போது கடைப் பையனே ஒரு புதுக் கணக்கைத் திறந்து கொடுத்துவிடுவது நம் ஊரில் வழக்கம். ‘குறிப்பெல்லாம் காணோம்’ என்று பதறுபவர்களில் பலருக்கு, குறிப்புகள் பழைய கணக்கில் பத்திரமாகவே இருக்கும். கீப்பில் வலது மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொட்டால் எந்தக் கணக்கு என்று தெரியும்.

அடுத்து, கைப்பேசியின் செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கான பேட்டரிப் பகுதிக்குச் சென்று, பின்னணியில் இயங்குவதற்கு விதித்திருக்கும் கட்டுப்பாட்டை நீக்குங்கள். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் சார்ஜை மிச்சப்படுத்துவதற்காகச் செயலிகளைத் தூங்க வைத்துவிடுகின்றன. டேட்டா சேவர் போட்டிருந்தால் இந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். எப்படி அமைத்தாலும், அடிவாரத்தைத் தாண்டுவதற்கு முன் செயலியை ஒருமுறை கையால் திறந்துவிடுவதுதான் உறுதியான வழி.

ஜாப்லினில் மறையாக்கத்தை (பிறர் படிக்க முடியாதபடி குறிப்புகளைப் பூட்டி வைப்பதை) இயக்குவதாக இருந்தால், முதலில் ஒரே கருவியில் இயக்கி, சிங்க் முழுவதும் முடிந்த பிறகே அடுத்த கருவிக்குப் போகவும். அதன் முதன்மைக் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் மீட்டுத் தர யாரும் இல்லை.

படி 5: ஒரே குறிப்பை இரண்டு இடத்தில் திருத்தாதீர்கள்

தோட்டத்தில் சிக்னல் இல்லாத நேரத்தில் அப்பா ‘பழம் 85 கிலோ’ என்று ஒரு குறிப்பில் சேர்க்கிறார். அதே குறிப்பில், வீட்டுக் கணினியில், மகள் ‘பெல்ட் வாங்கியாயிற்று’ என்று எழுதுகிறாள். மாலையில் அப்பா கீழே இறங்கி, கைப்பேசி இணையத்தைப் பிடித்ததும் இரண்டு வடிவங்களும் முட்டிக்கொள்கின்றன. ஜாப்லின் ஒரு வடிவத்தைக் கான்ஃப்ளிக்ட்ஸ் என்ற தனி நோட்டில் ஒதுக்கி வைக்கும். அதை நீங்களே படித்து, விடுபட்ட வரியை எடுத்து ஒட்ட வேண்டும். எல்லாச் செயலிகளும் இவ்வளவு நாகரிகமாக நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதைத் தவிர்க்க, நாளுக்கு ஒரு குறிப்பு என்று பிரித்து, ‘2025-12-08 பறிப்பு’ என்பதுபோல் ஆண்டை முன்னால் போட்டுத் தலைப்பிடுங்கள். தலைப்பு வரிசையில் அடுக்கும்போது நாட்களும் தாமாக வரிசைப்படும். வீட்டுச் சாமான் பட்டியலைத் தனிக் குறிப்பாகவே வைத்திருங்கள்.

படி 6: தமிழில் தேடிப் பாருங்கள்

‘மிளகு’ என்று தேடினால் மிளகு உள்ள எல்லாக் குறிப்புகளும் வர வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை ஒட்டியிருந்தால் அது தேடலில் சிக்காது; இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே சேருங்கள். தட்டச்சு சிரமமாக இருந்தால் கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டின் தமிழ்க் குரல் உள்ளீடு கைகொடுக்கும். எண்களை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

படி 7: தனியே ஒரு பிரதி

சிங்க் என்பது காப்புப் பிரதி ஆகாது. கைப்பேசியில் தவறுதலாக அழித்த குறிப்பு கணினியிலும் அழிந்துவிடும். கீப்பின் குப்பைத் தொட்டியில் 7 நாட்கள் மட்டுமே இருக்கும். எனவே மாதம் ஒருமுறை உங்கள் தரவை இறக்கிக்கொள்ள உதவும் கூகுள் டேக்அவுட் பக்கத்துக்குச் சென்று, கீப்பை மட்டும் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். ஜாப்லினில் அதற்கே உரிய ஜெக்ஸ் (JEX) வகைக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். டேக்அவுட் தரும் சுருக்கக் கோப்பைப் பிரித்து, அதிலுள்ள குறிப்பு ஒன்றை உலாவியில் திறந்து, தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.