பள்ளி திறக்கும் முன்னே கதவோரத்தைச் சரிசெய்யுங்கள்
மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் பிள்ளைகளுக்கென்று தனி அறை அமைவது அபூர்வம். அதனால் பள்ளிச் சாமான் எல்லாவற்றுக்கும் வாசல் கதவோரத்தில் ஒரே இடம் ஒதுக்கிவிடுங்கள். சுவரில் ஆளுக்கொரு கொக்கி, அதில் பை; கீழே சப்பாத்து, அதற்குள்ளேயே காலுறை. விடியும் முன்பே வேன்காரர் ஹாரன் அடிக்கும்போது ஒற்றைக் காலுறையைத் தேடும் கூத்து இருக்காது.

பாடநூல்களில்தான் கவனம் வேண்டும். அவை இரவல் திட்டப் புத்தகங்கள், ஆண்டு முடிவில் திருப்பித் தர வேண்டும். கையில் கிடைத்த அன்றே பிளாஸ்டிக் உறை போடுங்கள். ஒட்டுநாடா உறைமேல் மட்டும் படட்டும்; அட்டையில் ஒட்டினால் பிரிக்கும்போது மேல்தாளும் சேர்ந்து வரும். பலகை வீடோ கல்வீடோ, நம்மூர் ஈரத்துக்குச் சுவரோடு ஒட்டி அடுக்கிய புத்தகம் பூஞ்சணம் பிடிக்கும். நாலு விரல் தள்ளி, நிமிர்த்தி வையுங்கள்.

அரசாங்கம் தரும் 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவியைக் கடையில் கொடுப்பதற்கு முன், போன வருடச் சீருடையைப் போட்டுப் பாருங்கள். இடுப்பு சரியாக இருந்தால் ஓர மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்தாலே போதும். சப்பாத்து மட்டும் புதிதாகவே வாங்குங்கள், பிள்ளைகளின் பாதம் சொல்லாமல் வளரும். (பள்ளிக்கு வெள்ளைச் சப்பாத்து போய்க் கறுப்பு வந்த பிறகு வெள்ளை பூசும் வேலை ஒழிந்தது, அந்த மட்டில் நிம்மதி.)

கையெழுத்துப் போட வேண்டிய பள்ளிக் கடிதங்களுக்குக் குளிர்பெட்டிப் பக்கவாட்டில் ஒரு காந்தக் கிளிப் மாட்டுங்கள். கையெழுத்தானதும் அதை நேரே பைக்குள் வைத்துவிடுங்கள்.